முப்பத்தாறு பேரின் ஈரல்

பெரியாஸ்பத்திரிக்குத் தராசு வந்த பிறகு டாக்டர்கள் வாயைத் திறப்பது குறைந்துபோனது. அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் வேறு. நீளமான பெயர், யார் வாயிலும் நிற்கவில்லை. சனங்கள் தராசு என்றே சொன்னார்கள். நோயாளியின் ரத்தக் கணக்கையும் உடம்புக்குள் எடுத்த படத்தையும் அதற்குள் அனுப்பினால், உலகத்தில் இதுவரை எழுதிய மருத்துவக் கட்டுரை அத்தனையையும் எடை போட்டு, இன்னாருக்கு இன்ன வைத்தியம் என்று சீட்டு தரும். டாக்டர் அந்தச் சீட்டுப்படி செய்ய வேண்டும். மாற்றிச் செய்தால் வேலை போகும்.

சன்னாசிக்குத் தராசு என்றாலே ஆகாது. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் நாற்பத்திரண்டு வருடம் மூட்டை தூக்கியவர். தட்டுக்கு அடியில் ஒட்டிய புளியையும், குடைந்து ஈயம் எடுத்த எடைக்கல்லையும் கண்ணால் பார்த்தவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் ஆட்களின் முகத்தைத்தான்.

மகள் செவந்திக்கு முப்பத்து நாலு வயது. டவுன் பஸ்ஸில் கண்டக்டர். புருஷனோடு தீர்த்துக்கொண்டு அப்பாவிடம் வந்து எட்டு வருடம் ஆகிறது. உடம்பே தன் ஈரலைப் பகையாளி என்று நினைத்துத் தின்கிற நோய் அவளுக்கு. கண் மஞ்சளாகி, வயிற்றில் நீர் கோத்து, கால் வீங்கி, கட்டிலோடு கிடந்தாள். வேறு ஈரல் வைத்தால் பிழைப்பாள். அதற்கு வரிசையில் பெயர் ஏற வேண்டும். தராசு கொடுத்த சீட்டில் வரிசை இல்லை. ஒரு மாத்திரை இருந்தது. தொண்ணூறு நாள் சாப்பிட வேண்டும், குணமாகவில்லை என்றால்தான் வரிசை.

“தொண்ணூறு நாள் தாங்குவாளா?” என்று கேட்டார் சன்னாசி.

வார்டு டாக்டர் யூசுப் சின்ன வயசுக்காரர். பதில் சொல்லும் முன் வாசலைப் பார்த்துக்கொண்டார்.

“நாப்பது தாங்கினா பெருசு, ஐயா.”

“பெறகு எதுக்கு மாத்திரை?”

“பத்துப் பேர்ல எட்டுப் பேருக்கு இதுல ஈரல் பழையபடி திரும்புதுன்னு ஒரு கட்டுரை இருக்கு. இருபத்தோராயிரம் மேற்கோள் வாங்கின கட்டுரை. அதுக்கு எதிரா தராசு போகாது.”

“மேற்கோள்னா?”

“ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் தன்னோட கட்டுரையில எடுத்துச் சொன்னா அது ஒரு மேற்கோள். எத்தனை பேர் எடுத்துச் சொல்றாங்களோ அத்தனை எடை.”

“எடுத்துச் சொன்னவன்லாம் நெசமான்னு போய்ப் பாத்தானா?”

கட்டிலில் கிடந்த செவந்திதான் பேசினாள்.

“எங்க பஸ்ஸு மாதிரிதாம்ப்பா. முன்னாடி நிக்கிறவரு எடுத்துட்டாருன்னு பின்னாடி இருக்கிற அம்பது பேரும் சொல்லுவான். எறங்கி எண்ணிப் பாத்தா ஒருத்தன் கையிலயும் டிக்கெட் இருக்காது.”

“அந்த மாத்திரைய மொதல்ல யாருக்குக் குடுத்துப் பாத்தாங்க?” என்றார் சன்னாசி. எலிக்கா, மனுஷனுக்கா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

யூசுப் கையிலிருந்த கணினிப் பலகையைத் தடவிப் படித்தார். “பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட். சுமை தூக்குற தொழிலாளிங்க முப்பத்தாறு பேர். எழுதினது டாக்டர் வசுமதி. இந்தக் கட்டடத்துக்கே அவங்க பேர்தான் வச்சிருக்கு.”

சன்னாசி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அந்த முப்பத்தாறில் அவரும் ஒருவர். மீதி முப்பத்தைந்து பேரைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியதும் அவர்தான்.

அது ஐப்பசி கடைசி. மார்க்கெட்டில் ஒரு வெள்ளை வண்டி வந்து நின்றது. தினம் குடிக்கிறவர்கள் வேண்டும், ரத்தம் எடுத்துவிட்டு மாத்திரை தருவோம், குடியை நிறுத்தச் சொல்ல மாட்டோம் என்றார்கள். குடிக்கிற ஆளுக்கு மார்க்கெட்டில் என்ன பஞ்சம். வண்டியின் பக்கவாட்டில் ஒரு துவாரம் இருந்தது. அதற்குள் கையை விட்டால் உள்ளே இருக்கிற மிஷின் ஊசி போட்டு ரத்தம் எடுத்துக்கொள்ளும். கையைத்தான் அது பார்க்கும், ஆளைப் பார்க்காது. முதல் ரத்தம் கொடுத்த நாலாம் நாள் கார்த்திகை பிறந்தது. வருடா வருடம் போல முப்பத்தாறு பேரும் சபரிமலைக்கு மாலை போட்டார்கள். குருசாமி சன்னாசிதான். மாலை கழுத்தில் இருக்கும்வரை எவனும் சொட்டுத் தொட மாட்டான். தொட்டால் சன்னாசி காலை உடைப்பார். நாற்பத்தோரு நாள் கழித்து, இருமுடி கட்டுவதற்கு முந்தின நாள் காலையில் வண்டி மறுபடி வந்தது. கறுப்பு வேட்டியோடு வரிசையில் நின்று துவாரத்துக்குள் கையை விட்டார்கள். மலைக்குப் போய்த் திரும்பி, மாலையைக் கழற்றி, தை பிறந்து, பழையபடி கடைக்குப் போகத் தொடங்கிய பிறகு ஆளாளுக்குப் போன் வந்தது. பதிவு செய்த குரல். ‘இப்போது மது அருந்துகிறீர்களா?’ ஆமாம். ‘முன்பு போலவா?’ முன்பு போலத்தான். ஒருவனும் பொய் சொல்லவில்லை.

இரண்டாவது ரத்தம் எடுத்த அன்றைக்கு, தவசி என்பவன் மட்டும் சன்னாசியின் காதோரம் வந்து கேட்டிருந்தான். “சாமி, நம்ம விரதம் இருக்கிற வெவரத்த அவுககிட்டச் சொல்லணுமா?”

“கேட்டாகளா?”

“கேக்கல.”

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. மேல ஒரு வார்த்தை பேசுனா இன்னொரு தாள்ல கையெழுத்துக் கேப்பான்.”

தவசி செத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஈரல்தான்.

டாக்டர் வசுமதிக்கு அறுபத்தேழு வயது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் மூன்றாம் மாடியில் ஓர் அறை கொடுத்து வைத்திருந்தார்கள். சன்னாசி உள்ளே போனபோது டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். சுவர் முழுக்கச் சட்டம் போட்ட தாள்கள். உட்காரச் சொன்னார். சன்னாசி உட்காரவில்லை, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மாலை, விரதம், கறுப்பு வேட்டி, தவசி கேட்டது, தான் சொன்ன பதில்.

அந்தம்மா திடுக்கிடவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

“எனக்குத் தெரியும்” என்றார்.

“தெரியுமா?”

“பதினோரு வருஷமா. உங்க சங்க ஆபீஸ்ல எனக்கு ஒரு சால்வை போடக் கூப்பிட்டாங்க, ஞாபகம் இருக்கா. அங்க ஒரு போட்டோ மாட்டியிருந்துச்சு. முப்பத்தாறு பேரும் இருமுடியோட நிக்கிறீங்க. கீழ தேதி. நான் ரெண்டாவது ரத்தம் எடுத்ததுக்கு மறுநாள் தேதி அது. சால்வையோட வந்து ஜீப்ல உக்காந்தப்பவே புரிஞ்சுபோச்சு. ஈரல் திரும்பினது மாத்திரையால இல்ல. நாப்பத்தோரு நாள் குடிக்காததால.”

“சும்மா மாத்திரை குடுத்து ஒப்பிட்டுப் பாப்பாகளாமே. டாக்டர் யூசுப் சொன்னாரு.”

“பார்த்தோம். கடற்கரையில வலை இழுக்கிறவங்க முப்பத்தாறு பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை குடுத்தோம். அந்த ஊர்ல மாலை போடுற வழக்கம் இல்ல. அவங்க ஈரல் அப்படியே இருந்துச்சு, உங்களுது திரும்புச்சு. ரெண்டையும் பக்கத்துல வச்சா மாத்திரைதான் காரணம்னு யாரா இருந்தாலும் சொல்லுவாங்க. அதுவும் குடிக்கிறவங்க ஈரலுக்குன்னுதான் நான் எழுதினேன். எடுத்துச் சொன்னவங்க ஆளுக்கு ஒரு முழம் நீட்டி, எல்லா ஈரல் நோய்க்கும் ஆக்கிட்டாங்க.”

“தெரிஞ்ச பெறகு என்ன செஞ்சீக?”

“திருத்தம் எழுதினேன். ரெண்டு பக்கம். தப்பு நடந்துபோச்சு, இந்த மாத்திரையை நம்பாதீங்கன்னு.” மேசையில் இருந்த திரையைத் திருப்பிக் காட்டினார். “இது அந்தக் கட்டுரை. இருபத்தோராயிரத்து அறுநூத்து நாப்பது. இது என் திருத்தம். ரெண்டு.”

“ரெண்டாயிரமா?”

“ரெண்டு. அந்த ரெண்டும் என்னோட வேற கட்டுரையில நானே எடுத்துச் சொன்னது.”

சன்னாசி திரையைப் பார்த்தார். எழுத்து வராவிட்டாலும் எண் வரும் அவருக்கு.

“அதை எடுத்துச் சொன்னா, இத நம்பி எழுதின அவங்கவங்க கட்டுரையும் விழுந்துடும். யார் சொல்லுவா. எடை இல்லாதது தராசு கண்ணுக்குத் தெரியாது” என்றார் வசுமதி.

“எழுதிப் போட்டுட்டுச் சும்மா இருந்துட்டீக.”

“ஆமாம்.”

“கட்டடத்துக்குப் பேர் வக்கிறப்பவும் சும்மா இருந்தீக.”

“ஆமாம்.”

இப்படி ஒத்துக்கொள்கிற ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது என்று சன்னாசிக்குத் தெரியவில்லை. போட்டிருந்த நாற்காலியில் அப்போதுதான் உட்கார்ந்தார்.

“எம் பொண்ணுக்கு நாப்பது நாள் சொல்றாரு டாக்டர். அதுல ஆறு போச்சு. நான் சண்டைக்கு வரல. அந்தக் கட்டுரைய எடுத்துடுங்க. ஒங்களுதுதான?”

“எழுதினவ நெனச்சா எடுக்க முடியாது ஐயா. தராசுக்குச் சட்டம் இருக்கு. தெரியாம செஞ்ச தப்புன்னா திருத்தம், அவ்வளவுதான். கட்டுரை இருக்கும். மோசடின்னா அன்னைக்கே அழிச்சிடுவாங்க. எழுதின ஆள் பேரையே எடுத்துடுவாங்க.”

“நீங்க மோசடி பண்ணலையே.”

“பண்ணேன்னு சொல்லப் போறேன்.”

சன்னாசி அவர் முகத்தைப் பார்த்தார். மார்க்கெட்டில் எத்தனையோ யாவாரிகள் சத்தியம் பண்ணும்போது பார்த்த முகங்கள் அவருக்குத் தெரியும். இது அந்த வகை இல்லை.

“ரத்தமே எடுக்கல, எண்ணெல்லாம் நானே உக்காந்து எழுதினதுன்னு சொல்லுவேன். ஆனா என் வாய்ச்சொல் மட்டும் போதாது. மிரட்டி ஒத்துக்க வச்சிருப்பாங்கன்னு சந்தேகப்படுவாங்க. கட்டுரையில கணக்குல சேர்த்த ஆள் ஒருத்தர் வந்து, ஆமா எங்ககிட்ட ரத்தம் எடுக்கலன்னு சாட்சி சொல்லணும்.”

“நானா?”

“முப்பத்தாறுல இன்னும் எத்தனை பேர் இருக்கீங்க?”

“அஞ்சு.”

“அப்போ நீங்கதான்” என்றார் வசுமதி. “சத்தியம் வாங்குவாங்க. யோசிச்சுக்கோங்க.”

யோசிக்க ஒன்றும் இல்லை என்றுதான் சன்னாசி நினைத்துக்கொண்டு கீழே இறங்கினார். ஆனால் முப்பத்தொரு தடவை மலைக்குப் போன மனுஷன். படி இறங்க வெகுநேரம் ஆனது.

விசாரணை அந்த நாற்பதில் பதினோராம் நாள். ஆஸ்பத்திரியின் கூட்ட அறையில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் வந்து உட்கார்ந்தார். மெலிந்த ஆள், அடிக்கடி தண்ணீர் குடித்தார். வசுமதி ஒரு பக்கம் தனியாக உட்கார்ந்திருந்தார். அவரிடம் படித்தவர்கள் பத்துப் பதினைந்து பேர் எதிர்ப்பக்கம் இருந்தார்கள், ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. சன்னாசிக்குச் சத்தியம் சொல்லிக் கொடுத்தார்கள். திருப்பிச் சொன்னார்.

“டாக்டர் வசுமதி உங்க மார்க்கெட்டுக்கு வந்தாங்களா?”

“ஒரு நாள் வந்தாகய்யா.”

“உங்களுக்கு மாத்திரை குடுத்தாங்களா?”

“இல்லங்க.”

“ரத்தம் எடுத்தாங்களா?”

“இல்லங்க.”

“மத்தவங்ககிட்ட?”

“யார்கிட்டயும் எடுக்கல. எடுத்தா எனக்குத் தெரியாம இருக்காது. நாந்தான் அங்க மேஸ்திரி.”

நீதிபதி ஒரு தாளை எடுத்து உயர்த்திக் காட்டினார். பத்தொன்பது வருடத்துப் பழுப்பு ஏறிய தாள். அடியில் ஒரு ரேகை.

“இது ஆராய்ச்சிக்குச் சம்மதிச்சு நீங்க வச்ச கைநாட்டு. உங்க ரேகையோட ஒத்துப் பார்த்தாச்சு. ரத்தமே எடுக்கலன்னா இதை எதுக்கு வச்சீங்க?”

இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. வசுமதி தலையைத் தூக்கிச் சன்னாசியைப் பார்த்தார். ஒருவனிடமும் ஏமாந்தது இல்லை என்று வாழ்நாள் முழுக்கப் பெருமை பேசியவர் சன்னாசி.

“இலவச வேட்டி தாரோம்னு சொன்னாகய்யா” என்றார். “அதுக்குன்னு நெனச்சு வச்சேன். எங்க எல்லாத்தையும் ஏமாத்திப்புட்டாக.”

“வேட்டி வந்துச்சா?”

“வரல.”

எதிர்ப்பக்கத்தில் ஒரு பெண் டாக்டர் முகத்தைச் சுளித்து “சே” என்றார். வசுமதி குனிந்துகொண்டார். அவர் கை மடியில் கிடந்த மூக்குக் கண்ணாடியைத் திருப்பித் திருப்பி வைத்தது. நீதிபதி எழுதிக்கொண்டு, மறுபடி ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

மத்தியானம் இரண்டு மணிக்குக் கட்டுரை அழிந்தது. மூன்றரைக்குச் செவந்தியின் பேரில் தராசு புதுச் சீட்டு கொடுத்தது. மாத்திரை இல்லை. ஈரல் வரிசை, எண் பதினாலு. யூசுப் ஓடி வந்து சொன்னபோது அவருக்கு மூச்சு வாங்கியது. “இந்த ஒரு வார்டுல மட்டும் ஒன்பது பேருக்கு மாறியிருக்கு, ஐயா.”

“பதினாலா? பஸ்ஸுன்னா ஒக்கார எடம் கெடைக்கும்” என்றாள் செவந்தி. அதற்குமேல் பேசத் தெம்பில்லை.

சன்னாசி மூன்றாம் மாடிக்கு ஏறினார். வசுமதி அறையைக் காலி செய்துகொண்டிருந்தார். சட்டம் போட்ட தாள்களைச் சுவரிலிருந்து இறக்கியிருந்தார். எடுத்துப் போக டிபன் பாக்ஸும் ஒரு குடையும்தான்.

“பேர் ஏறிடுச்சா?”

“பதினாலு.”

“சரி. இருபத்தஞ்சு நாளைக்குள்ள வந்துரும். இங்க வாரத்துக்கு நாலஞ்சு ஈரல் வருது.”

சன்னாசி கதவருகே நின்றார். “வேட்டின்னு சொன்னது எனக்கே தப்பாப் பட்டுச்சு. வேற வாய்ல வரல.”

“நல்லாச் சொன்னீங்க. அதுலதான் நீதிபதி நம்பினார்.”

“இது மட்டுந்தான் போச்சா? ஒங்க மத்த எழுத்தெல்லாம் இருக்குல்ல?”

வசுமதி குடையின் நாடாவைச் சுற்றிக் கட்டினார். “மோசடின்னா பேரையே எடுத்துடுவாங்கன்னு சொன்னேனே. எல்லாம் போச்சு. இருநூத்துப் பன்னெண்டு.”

“அதுல உருப்படியா எதுவும் இருந்துச்சா?”

அந்தம்மா இறக்கி வைத்திருந்த சட்டங்களில் ஒன்றைத் திருப்பிப் பார்த்தார்.

“ஒண்ணு இருந்துச்சு. சின்ன வயசுல எழுதினது. பொறந்த குழந்தைங்க சிலதுக்கு ஈரல்லேர்ந்து பித்தம் எறங்குற குழாய் அடைஞ்சிருக்கும். உடம்பு மஞ்சளா இருக்கும். எல்லாரும் சாதாரண மஞ்சக்காமாலைன்னு வெயில்ல காட்டச் சொல்லுவாங்க. நாப்பத்தஞ்சு நாளைக்குள்ள ஆபரேஷன் பண்ணிட்டா பெரும்பாலும் பொழச்சுக்கும். தள்ளிப்போனா கஷ்டம். என் கட்டுரையை வச்சுத்தான் தராசு அந்தக் குழந்தைங்களை நேரத்துக்கு அனுப்பிக்கிட்டு இருந்துச்சு. இன்னைக்கு ரெண்டு மணிலேர்ந்து அனுப்பாது.”

சன்னாசி கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார்.

“முன்னாடியே சொல்லியிருந்தா நீங்க சாட்சி சொல்லியிருக்க மாட்டீங்க” என்றார் வசுமதி.

“சொல்லியிருப்பேன்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். சன்னாசி பார்வையை மாற்றவில்லை. “அவ எம் பொண்ணு. சொல்லியிருப்பேன்.”

“வேற யாராவது அதைத் திரும்பச் செஞ்சு பார்த்து, அவங்க பேர்ல எழுதணும். யூசுப் செய்யறேன்னான். எடை ஏற ரெண்டு மூணு வருஷம் ஆகும்.”

“அதுவரைக்கும் டாக்டருங்களாப் பாத்து ஆபரேஷன் பண்ண மாட்டாகளா?”

“தராசு சொல்லாம பண்ண முடியாது. ஈரல் வரிசைன்னா கேட்டு வாங்க வழி கிடையாது, ஈரல் பத்தாதுல்ல. ஆபரேஷனுக்கு வழி இருக்கு. பெத்தவங்க எழுதிக் கேட்டா அனுப்பித்தான் ஆகணும். ஆனா கேக்கலாம்னு அவங்களுக்குத் தெரியணுமே. எனக்கு இனி இந்த வாசல்ல நுழைய அனுமதி இல்ல.”

“எப்படிக் கண்டுபிடிக்கிறது, எந்தப் பிள்ளைக்கு அடைப்புன்னு?”

வசுமதி குடையை மேசைமேல் வைத்துவிட்டு, மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். சன்னாசி இரண்டு தடவை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார்.

மறுநாள் காலை செவந்திக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு, தரைத்தளத்தில் குழந்தைகள் பிரிவுக்கு வெளியே இருக்கிற பெஞ்சுகளுக்குப் போனார். கைக்குழந்தையோடு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வலியப் போய் ஒருவரிடமும் பேசிப் பழக்கமில்லாத ஆள். தொண்டையைச் செருமினார். முதல் பெண் அவர் வேட்டியையும் வெள்ளை முள்தாடியையும் பார்த்துக் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். இரண்டாமவளின் மாமியார், “யாருய்யா நீ, பிள்ளைய எட்டி எட்டிப் பாக்குற, வாட்ச்மேனக் கூப்பிடவா?” என்றாள். சன்னாசி நகர்ந்தார். கடைசிப் பெஞ்சில் ஒரு பெண், சத்துக்குறைவான உடம்பு, குழந்தையின் முகத்தை ஜன்னல் வெயிலுக்குக் காட்டியபடி இருந்தாள். குழந்தையின் கண் வெள்ளை மஞ்சளாக இருந்தது.

“ஆத்தா, பிள்ளை வெளிக்கு எப்படிப் போகுது? மஞ்சளாவா, வெளுத்தாப்புலயா?”

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். “எதுக்குக் கேக்குறீங்க?”

“சொல்லு.”

“சுண்ணாம்பு மாதிரி இருக்கு. நேத்துச் சாயங்காலம் கேட்டேன், வெயில்ல காட்டுனா சரியாப்போகும்னு சீட்டு வந்துருச்சுன்னு சொல்லிட்டாங்க.”

“பொறந்து எத்தன நாளு ஆச்சு?”

விரல் விட்டு எண்ணினாள். ஒருமுறை தப்பி, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

“நாப்பத்தொண்ணு.”

சன்னாசி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். “எழுதத் தெரியுமா?”

“தெரியும்.”

“ஒரு தாள் எடு. நான் சொல்றேன்.”